போதையில் இருப்பவரின் குளிசை அறுபடாமல் இருக்க: கூடப் போகப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்களுக்குப் பதவிப் பெயர் ஒன்றும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூடப் போற ஆள்" என்றுதான் சொல்வார்கள். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்துகொண்டு ஹெரோயினோ ஐஸோ (மெதாம்பெட்டமைன்) பாவிக்கிற ஒருவர், நாள்தோறும் தன் எச்.ஐ.வி. குளிசையை, அதாவது மாத்திரையை, போடவும் தவணைக்கு கிளினிக் வரவும் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களும், வீட்டில் மகனுக்கோ தம்பிக்கோ இப்படி நிற்க வேண்டி வந்தவர்களும், முதல் மாதங்களில் எதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்துப் பழகியதை வைத்து எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். அந்த மருந்து கிளினிக்கிலிருந்து புறப்பட்டு ஒருவரின் வயிற்றுக்குள் போய்ச் சேரும்வரை நடப்பவைதான் எங்கள் பொறுப்பு.

முதற்படி: "முதல்ல பழக்கத்தை விடட்டும்" என்பதை விட்டுவிடுங்கள்

வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "முதல்ல உந்தப் பழக்கத்தை விடட்டும், பேந்து மருந்தைப் பாப்பம்." சொல்கிற தாய் பாசத்தோடுதான் சொல்கிறா. ஆனால் வைரஸ் அந்தப் "பேந்து" வரும்வரை சும்மா இருக்காது. தொற்று உறுதியான எல்லோருக்கும், நோயெதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 கலங்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது. ஆயத்தமாக இருப்பவருக்கு முடிவு தெரிந்த அன்றே தொடங்கலாம் என்று 2017இல் சொன்னது. போதைப்பொருள் பாவிப்பவருக்கு இது பொருந்தாது என்று எந்த வழிகாட்டலும் சொல்லவில்லை.

பழக்கத்தை விட ஒருவருக்கு ஒரு வருடம் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். நடுவில் பலமுறை விட்டுப் பலமுறை தொடங்குவார். குளிசை அந்த ஏற்ற இறக்கத்துக்கு வெளியே, தனிக் கணக்காக ஓட வேண்டும். இந்த ஒரு விடயத்தில் உங்களுக்குத் தெளிவு இருந்தால் மற்றப் படிகள் எல்லாம் இலகு. இதில் தடுமாறினால், மீதியை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் அந்த ஆள் உங்களிடம் உண்மை சொல்லமாட்டார். "நேற்று தூள் (ஹெரோயின்) எடுத்தனான்" என்று சொன்னால் பேச்சு விழும் என்று தெரிந்தவர், குளிசை போடாத நாளையும் சேர்த்து மறைப்பார்.

கூடப் போவதால் உண்மையில் ஏதாவது மாறுமா என்று ஒரு புதியவர் என்னிடம் கேட்டார். மாறும். உக்ரைன், இந்தோனேசியா, வியட்நாம் மூன்று நாடுகளிலும் ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றுகிற, எச்.ஐ.வி. உள்ள 502 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு சேர்த்துக் கூடவே நின்று வழிகாட்ட ஓர் ஆள், மனம்விட்டுக் கதைக்க ஓர் ஆலோசகர். 52 கிழமை முடிவில் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைந்த அளவுக்கு அடங்கியிருந்தவர்கள் வழமையான பகுதியில் 24 வீதம், ஆள் கூட நின்ற பகுதியில் 41 வீதம். இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 41 வீதம் பெரிய எண் இல்லைத்தான். ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, சிகிச்சைக்குப் போய்ச் சேர உதவியதால் வந்த வித்தியாசம் அது.

இரண்டாம் படி: குளிசையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

எச்.ஐ.வி. மருந்து இலங்கையில் 2004 முதல் அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. முன்பு கைநிறையக் குளிசை போட்ட காலம் இருந்தது. இப்போது உலகெங்கும் பெரும்பாலானோருக்கு முதலில் எழுதப்படுவது ஒரே குளிசைதான். டெனொஃபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் அதற்குள் இருக்கும். நாளுக்கு ஒன்று. சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். எங்கள் வேலைக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் ஐஸ் எடுக்கிறவருக்குப் பசியே இராது. "சாப்பிட்டிட்டுத்தான் குளிசை" என்று நினைத்துக்கொண்டு இருந்தால் இரண்டு நாள் குளிசை போய்விடும்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் கேள்வி இது:

"அண்ணை, இண்டைக்குத் தூள் எடுத்தனான். அதுக்கு மேல குளிசை போட்டா ஏதும் செய்யுமோ? அதுதான் போடேல்ல."

"ஒண்டும் செய்யாது தம்பி. எடுத்த நாளும் போடு, எடுக்காத நாளும் போடு."

இந்தப் பயம்தான் மிகக் கூடுதலான குளிசைகளைத் தின்கிறது. மறதியால் விடுபடும் குளிசையை விட, "வெறியோடு போடக்கூடாது" என்று நினைத்து வேண்டுமென்றே விடும் குளிசை அதிகம் என்பது என் அனுபவம். டொலுடெக்ராவிர் உள்ள இந்தக் குளிசை ஹெரோயினோடும் ஐஸோடும் மோதுவதில்லை. சாராயத்தோடும் அப்படித்தான், சாராயம் செய்கிற கெடுதல், குளிசை நேரத்தை மறக்கச் செய்வது. ஆனால் ஒருவருக்கு முதல் மருந்து சரிவராமல் இரண்டாம் வரிசை மருந்து எழுதி, அதில் ரிட்டோனவிர் இருந்தால் கதை வேறு. அது ஐஸ் போன்றவற்றை உடம்பில் கூடுதல் நேரம், கூடுதல் அளவில் தங்க வைக்கும். அதற்காகக் குளிசையை நிறுத்தக்கூடாது. என்ன பாவிக்கிறார் என்பதை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் சொன்னால் பொலிசுக்குப் போகும் என்ற பயத்தை முதலில் நீங்கள்தான் கதைத்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

மோதுகிற சாதாரணப் பொருள்கள் வேறு சில உண்டு. நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்தில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும். அவை டொலுடெக்ராவிரைக் குடலில் பிடித்து வைத்துவிடும். அதைக் குடிப்பதற்கு 2 மணித்தியாலம் முந்தி அல்லது குடித்து 6 மணித்தியாலம் கழித்துத்தான் குளிசை போடலாம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றையும் எச்.ஐ.வி. குளிசையையும் ஒன்றாகச் சாப்பாட்டோடு போட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள், எங்கள் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டியது: பரியாரியிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், ஏதும் எடுக்கிறாரா? செந்தூரம் என்றால் இரும்பு சேர்ந்ததாக இருக்கலாம், பற்பம் என்றால் சங்கு, சிப்பி சுட்ட கல்சியமாக இருக்கலாம். வீட்டில் அம்மா "உடம்பு தேறட்டும்" என்று தேனில் குழைத்துக் கொடுப்பதை யாரும் மருந்து என்று கணக்கில் எடுப்பதில்லை. கிளினிக்கில் சொல்லி நேரத்தைப் பிரித்துப் போடச் செய்யுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டொலுடெக்ராவிர் நாளுக்கு இரண்டு முறை தேவைப்படும். ஆகவே நெஞ்சுக் கிளினிக்கில் தரும் மருந்தை எச்.ஐ.வி. கிளினிக்குக்கும், இங்கே தருவதை அங்கேயும் காட்ட வேண்டும்.

ஒரு வேளை விடுபட்டால், நினைவு வந்த உடனே போடலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் அடுத்த வேளைக் குளிசை ஒன்றை மட்டும் போட்டால் போதும். நேற்றையதற்கும் சேர்த்து இரண்டு போடக்கூடாது. இன்னொரு முக்கியமான விடயம் மஞ்சட்காமாலை பி வகை (ஹெபடைட்டிஸ் பி). டெனொஃபோவிரும் லமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கும். பி வகைத் தொற்றும் உள்ளவர் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். அவருக்கு அந்தச் சோதனை செய்தாகிவிட்டதா, முடிவு என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: முதல் கிளினிக் நாள்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், எங்கள் பேச்சில் பெரியாஸ்பத்திரியில், பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுதான் இதைப் பார்க்கிறது. நாடெங்கும் உள்ள இந்தப் பிரிவுகள் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் வருபவை. வேறொரு மருத்துவரின் கடிதம் வேண்டாம், காசு வேண்டாம், நேரே போகலாம். விபரம் வெளியே போகாது.

அந்த நாளை எப்படித் திட்டமிடுகிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. ஹெரோயின் பாவிக்கிறவருக்குக் கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள், தூள் கிடைக்காததால் வரும் உடல் வருத்தம் தொடங்கிவிடும்: மூக்கால் ஓடும், கொட்டாவி வரும், கை கால் உழையும், வயிறு பிரட்டும், இருந்த இடத்தில் இருக்க ஏலாது. முதன்முதலாக நான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போன நாளில் இது எனக்குத் தெரியாது. வாங்கிலில் இருந்தவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி வெளியே போனார். "கொஞ்சம் பொறுங்கோ, எல்லாரும்தானே இருக்கினம்" என்று நான் கடிந்து சொன்னேன். சேட்டின் கை முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, கையில் மயிர் குத்திட்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தும் அது என்ன என்று விளங்கவில்லை. நாலாம் முறை வெளியே போனவர் திரும்பி வரவில்லை. பிறகு அவரை மறுபடி கிளினிக் வாசலுக்குக் கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

அதனால் இப்போது, நாளை எத்தனை மணிக்கு அவருக்கு வருத்தம் தொடங்கும் என்று முதல்நாளே நேராகக் கேட்டுவிடுகிறேன். அதற்கு முன்னர் கிளினிக் வேலை முடிய வேண்டும். முதல் ஆட்களில் ஒருவராக நிற்கப் போகிறோம். நெடுந்தீவிலிருந்து வருகிறவர் என்றால் குறிகாட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், அதற்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரி. அவருக்குக் காலை முதல் ஆளாக நிற்பது நடக்காது. அப்படியானவருக்கு முன்கூட்டியே கிளினிக்கோடு கதைத்து, வந்ததும் பார்க்கிற ஒழுங்கைக் கேட்கலாம். தாதியிடம் மரியாதையோடு, "மிஸ், இவருக்குக் கனநேரம் இருக்க ஏலாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணத்தை வரிசையில் நிற்கிறவர்கள் கேட்கச் சொல்ல வேண்டாம்.

கையில் தண்ணீர்ப் போத்தலும் இரண்டு பணிஸும் கொண்டு போங்கள். இரத்தம் எடுப்பார்கள், நரம்பு கிடைக்காமல் பல இடத்தில் குத்த வேண்டி வரும். ஊசி ஏற்றுகிறவர்களுக்கு இது வழமை. எந்த இடத்தில் நரம்பு இருக்கிறது என்று அவருக்கே நன்றாகத் தெரியும், அவர் காட்டட்டும் என்று சொல்லிவையுங்கள்.

மருந்து நிலையாகி, வைரஸ் அடங்கிய பிறகு மூன்று மாத மருந்தை ஒன்றாகத் தர முடியுமா என்று கேளுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு வருகையும் ஒரு பஸ் காசு, ஒரு நாள் கூலி, தெரிந்த முகத்தைச் சந்திக்கும் ஒரு ஆபத்து. அவை குறையட்டும்.

நான்காம் படி: குளிசையை ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள்

"ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு" என்று எழுதிக் கொடுப்பது, எட்டு மணி என்று ஒன்று இருக்கிற வாழ்க்கைக்குச் சரி. இரவில் கடலுக்குப் போய் விடியற்காலை கரைக்கு வருகிறவருக்கு, இரண்டு நாள் நித்திரையில்லாமல் இருந்து மூன்றாம் நாள் முழுக்கப் படுக்கிறவருக்கு, எட்டு மணி என்பது வெறும் இலக்கம். நாளில் எது நடந்தாலும் அவர் தவறவிடாத ஒன்று என்ன என்று தேடுங்கள். சிலருக்கு அது முதல் தேத்தண்ணி. சிலருக்கு நேராகவே அன்றைய முதல் தூள். அதோடு கட்டினால் கட்டட்டும். "அதை எடுக்கிறதுக்கு முதல் இதைப் போடு" என்று நான் சொல்லியிருக்கிறேன், சொன்னதற்கு வருந்தவில்லை. அந்த மனிதர் நாளில் வேறு எதையும் மறப்பார், அதை மறக்கமாட்டார். அதற்கு அரை நிமிடம் முந்தி குளிசை உள்ளே போய்விடுகிறது.

வடமராட்சிக் கரையில் ஒருவர், சேட்டுப் பையில் வைக்கும் திருநீற்று டப்பாவில் மூன்று குளிசை வைத்திருப்பார். வலை முடிச்சுக்குப் பழகிய விரல்களால் மூடியைத் திறக்கும்போது சத்தமே வராது, குளிசையைச் சுற்றிச் சின்னப் பஞ்சு வைத்திருப்பார். மீனவர் தங்கும் வாடியில் பத்துப் பேர் இருந்தாலும் ஒருவர் திருநீற்று டப்பாவை மற்றவர் வாங்கித் திறக்கமாட்டார். திறந்து, குனிந்து, ஒன்றை வாயில் போட்டு, தண்ணி குடித்து, நெற்றியில் விரலால் ஒரு கோடு இழுத்துக்கொள்வார். அதை அவரேதான் கண்டுபிடித்தார். கேட்டால் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு வழி இருக்கும். உங்கள் யோசனையைச் சொல்வதற்கு முன்னர் அவருடையதைக் கேளுங்கள்.

விரத காலத்தையும் யோசியுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் காக்கிறவர்கள் உண்டு. கந்தசஷ்டியில் ஆறு நாளும் தண்ணீரோடு இருப்பவர்கள் உண்டு. தூள் எடுப்பவர் சஷ்டி பிடிக்கமாட்டார் என்று நினைக்காதீர்கள். தன்னைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு மற்றவரை விடக் கடுமையாகப் பிடிப்பவரைக் கண்டிருக்கிறேன். குளிசை ஒன்றும் தண்ணீர் ஒரு மிடறும் விரதத்தை முறிக்காது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வைக்க முடிந்தால் நல்லது. நாங்கள் சொல்வதை விட அதற்குக் கூடுதல் பலன் உண்டு.

நித்திரை வரவில்லை என்று சொன்னால் குளிசையை இரவிலிருந்து காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டொலுடெக்ராவிர் சிலருக்கு நித்திரையைக் குழப்பும்.

ஐந்தாம் படி: எங்கே வைப்பது

இது சின்ன விடயம்போல் தெரியும். யாழ்ப்பாணத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் கையை வைக்க ஏலாத சூடு இருக்கும். குளிசையை 30 பாகைக்குக் குறைந்த சூட்டில், அது வந்த போத்தலிலேயே, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். கூரைக்குக் கிட்ட அலுமாரி மேல் வேண்டாம். நிலத்தோடு, சுவர் ஓரத்தில், மண்பானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். டப்பாவில் பிரித்து வைப்பது மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். போத்தலின் மேல் உள்ள பெயரை உரித்துவிடலாம், ஆனால் திகதியை எங்காவது எழுதி வையுங்கள்.

கூடவே, நாலு நாளைக்குக் காணக்கூடிய குளிசையை டப்பாவில் இல்லாமல் இறுக்கி மூடிய போத்தலில் போட்டு, இன்னோர் இடத்தில், நம்பகமான ஒருவரிடம் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

ஆறாம் படி: பிடிபட்டால் என்ன என்பதை முன்னரே கதையுங்கள்

எனக்குத் தெரிந்தவர்களில் குளிசை நீண்ட காலம் அறுந்ததற்கு முதற்காரணம் கைது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிசாரின் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய பிறகு நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். பிடிபடுகிறவர் தன் மருந்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. பொலிஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் "எனக்கு எச்.ஐ.வி. மருந்து வேணும்" என்று கேட்கவும் மாட்டார். விளக்கமறியலில் பதினான்கு நாள், பிறகு இன்னொரு பதினான்கு நாள் என்று போகும்போது குளிசை என்ற ஒன்று இருந்ததே நினைவில் இராது. அவரை அந்த நேரத்தில் வருத்தமும் பிடித்திருக்கும்.

ஆகவே வெளியே, சுகமாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போதே கதைத்து முடியுங்கள். யாருக்கு முதலில் தகவல் வரும்? அம்மாவுக்கா, மச்சானுக்கா? அவர் அன்றைக்கே உங்களுக்குச் சொல்வாரா? நாலு நாள் குளிசை யாரிடம் இருக்கிறது? நோயின் பெயர் இல்லாமல், "இவர் நாள்தோறும் தவறாமல் எடுக்க வேண்டிய மருந்து, நிறுத்தக்கூடாது" என்று மட்டும் சொல்லும் கடிதம் ஒன்றைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வீட்டில் அடையாள அட்டைப் பிரதிகளோடு வைத்துவிடுங்கள். கைதான பிறகு நீங்கள் செய்யும் முதல் வேலை கிளினிக்குக்குத் தகவல் சொல்வது. சிறைச்சாலை மருத்துவரோடு கிளினிக் நேரே கதைப்பதுதான் சரியான வழி. அப்போது விபரம் மருத்துவர் கையில் மட்டும் நிற்கும். வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றினால், அங்கேயும் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணக் கிளினிக் அவரை அங்கே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய செய்தியை யாராவது சொன்னால்தான் அது நடக்கும். அந்த யாராவது நீங்கள்தான்.

ஏழாம் படி: "விடப் போறன்" என்று சொன்னால்

மகிழ்ச்சியான நாள், ஆபத்தான நாளும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து எங்கே போகலாம் என்று கேட்கலாம். வடக்கில் "புனர்வாழ்வு" என்ற சொல்லை யோசித்துப் பாவியுங்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தச் சொல் எத்தனையோ வீடுகளில் முட்கம்பிக்குப் பின்னால் கழிந்த காலத்தைக் குறிக்கிற சொல். புனர்வாழ்வு நிலையம் உள்ள கந்தக்காடு என்ற இடப்பெயரும் அப்படியே. "சிகிச்சைக்குப் போவம்" என்று சொல்லும்போது தாயின் முகம் மாறினால் காரணம் இதுதான். எங்கே, எத்தனை நாள், யார் நடத்துகிறார்கள், எப்போது பார்க்க விடுவார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். போகும்போது குளிசையும் கூடப் போக வேண்டும், அங்குள்ள மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு கிழமை நிறுத்தினாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். சிகிச்சை நிலையத்திலிருந்தோ மறியலிலிருந்தோ வந்தவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நிற்கலாம். இதை ஒளிவுமறைவில்லாமல் அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லுங்கள். தட்டி எழுப்பினால் எழும்பாமை, குறட்டை போன்ற இழுப்பு, நிமிடத்துக்கு நாலைந்து தரம் மட்டும் வரும் மூச்சு, நீலம் பாயும் உதடும் நகமும்: இவற்றைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். முகத்தில் தண்ணி ஊற்றுவது, உப்புத்தண்ணி பருக்குவது எல்லாம் நேரத்தை வீணாக்கும். ஆஸ்பத்திரியில் அதற்கு முறிமருந்து இருக்கிறது. என்ன எடுத்தார் என்ற உண்மையைச் சொன்னால்தான் அதை உடனே கொடுப்பார்கள். தூளோடு சாராயமோ நரம்புக் குளிசைகளோ சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூட.

ஊசி, துணைவி, இரத்தச் சோதனை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெரோயினை ஈயத்தாளில் சுட்டு இழுப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது, ஊசியைப் பகிர்ந்தால் தொற்றும், மஞ்சட்காமாலை சி வகையும் தொற்றும். ஊசி ஒருவருக்கு ஒன்று, ஒருமுறைக்கு ஒன்று. பாவித்ததைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடட்டும். உங்களுக்குத் தவறிக் குத்திவிட்டால், கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக் போங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு.

வைரஸ் சோதனை வழமையாக மருந்து தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. ஆனால் ஊசி பகிர்வதற்கு அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. வைரஸ் அடங்கியிருந்தாலும் ஊசி தனித்தனிதான்.

வாயும் தொலைபேசியும்

உங்கள் தொலைபேசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "கிளினிக்" என்று எழுதி வைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் "குளிசை போட்டாச்சா?" என்று அனுப்பாதீர்கள், அவருடைய தொலைபேசி நாளை அடகுக் கடையில் இருக்கலாம், பொலிஸ் கையிலும் இருக்கலாம். நாங்கள் பாவிப்பது "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்ற கேள்வி. சந்தியில் கண்டால் அவர் முதலில் சிரித்தால் மட்டும் சிரியுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் யாருடைய ஆள் என்று ஊர் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும்.

கடைசிப் படி: விட்டுப் போனவர் திரும்பி வரும்போது

விட்டுப் போவார்கள். நீங்கள் எவ்வளவு செய்தாலும் சிலர் நாலு மாதம், எட்டு மாதம் காணாமற்போவார்கள். அதை உங்கள் தோல்வியாக எடுக்க வேண்டாம், அவர் தோல்வியாகவும் எடுக்க வேண்டாம். திரும்பி வருகிற அன்று நீங்கள் சொல்லும் முதல் வார்த்தைதான் அடுத்த வருடத்தைத் தீர்மானிக்கும். "ஏன் இவ்வளவு நாள் வரேல்ல?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கான பதிலை அவர் வரும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார்.

"வந்தது நல்லது. சாப்பிட்டியோ?"

பிறகு இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து நின்ற காலத்தில் காசநோய் பிடித்திருக்கலாம், அதைக் கிளினிக்கில் முதலில் பார்க்க வேண்டும். கடுமையான தலையிடியும் பார்வை மங்கலும் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி அவசர பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய குளிசையைத் தானாகத் தொடங்கச் சொல்லாமல், போத்தலை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை மிச்சம் என்று எண்ணினால் எப்போது நின்றது என்று மருத்துவருக்குத் தெரியும். டொலுடெக்ராவிருக்கு எதிராக வைரஸ் இலகுவில் மாறாது, ஆகவே பெரும்பாலும் அதே குளிசையையே மறுபடி தருவார்கள். பழைய கிளினிக் அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை, பெயரைச் சொன்னால் பதிவில் எடுக்கலாம். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த ஒருவர், அட்டை இல்லாததால் ஏசுவார்கள் என்று பயந்து, கிளினிக் படியில் கால் வைக்காமல் நின்றார். நான் முன்னுக்குப் போய் மிஸ்ஸிடம் கதைத்துவிட்டு வந்து, பணிஸை இரண்டாக முறித்து ஒரு துண்டைக் கொடுத்தேன். தின்று முடித்து, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "நீங்களும் உள்ள வாங்கோ அண்ணை" என்றார்.